கல்ச்சர் முடிவுக்கு ஏன் மூன்று நாள்?

ஆய்வகத்தின் முன்மேசையில் வாரத்துக்கு நான்கு பேராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். "சர்க்கரை டெஸ்ட்டுக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு கொடுக்கிறீர்கள். யூரின் கல்ச்சருக்கு மட்டும் மூன்று நாளா?" கேட்பவரின் குரலில் எரிச்சல் இருக்கும். வேறிடத்திலும் எரிச்சல் இருப்பதால்தானே வந்திருக்கிறார், கோபித்துக்கொள்ள முடியாது.

சர்க்கரையை நாங்கள் அளக்கிறோம், கல்ச்சரில் பாக்டீரியாவை வளர்க்கிறோம். விதையை எடை போட ஒரு நிமிடம் போதும். அதைத் தூவி, முளைக்கவிட்டு, இது பயிர், இது களை என்று பிரித்துச் சொல்ல நாள் ஆகும். இவ்வளவு சொன்னால் பலர் சமாதானம் ஆகிவிடுவார்கள். சிலர் மட்டும், "மைக்ராஸ்கோப் இருக்கிறதே, அதில் பார்த்துச் சொல்ல முடியாதா?" என்று அடுத்த கேள்வியைப் போடுவார்கள். நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம், பார்க்கவும் செய்கிறோம். ஆனால் அங்கே தெரிவது மிகக் குறைவு. சிறுநீர்த் தொற்றை அதிகம் உண்டாக்கும் ஈ.கோலை ஒரு சிறிய கோல் வடிவம். நீளம் ஏறக்குறைய 2 மைக்ரான். ஐந்நூறு கோல்களை நீளவாக்கில் வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும். பாக்டீரியாவை வகை பிரிக்க உதவும் கிராம் சாயம் ஏற்றினால் இளஞ்சிவப்பாகத் தெரியும். கிளெப்சியெல்லாவும் இளஞ்சிவப்புக் கோல்தான், புரோட்டியஸும் அப்படித்தான், டைஃபாய்டு தரும் சால்மொனெல்லாவும் அப்படித்தான். ஒரே சீருடையில் நிற்கும் பிள்ளைகளை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பது போன்றது இது. முகம் தெரியாது.

அதனால் வேறு வழியில் போகிறோம். யார் எதைச் சாப்பிடுகிறார், எந்த விஷத்தைத் தாங்கிக்கொள்கிறார், சாப்பிட்டு முடித்தபின் என்ன மிச்சம் வைக்கிறார் என்று பார்க்கிறோம். வளர்ப்பு ஊடகம் என்று புத்தகங்கள் சொல்வது இதற்காகச் சமைத்த உணவைத்தான். விருந்து வைத்து வேவு பார்க்கும் வேலை என்று நான் புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்வது வழக்கம்.

உறைமோரும் உருளைக்கிழங்கும்

நம் வீடுகளில் தினமும் இரவு ஒரு கல்ச்சர் நடக்கிறது. பாலைக் காய்ச்சுகிறோம், அதில் ஏற்கெனவே இருந்த கிருமிகளில் பெரும்பாலானவை சாகின்றன. வெதுவெதுப்பாகும்வரை ஆறவிடுகிறோம், சூடாக இருந்தால் நாம் ஊற்றப்போகும் பாக்டீரியாவும் செத்துவிடும். ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி, அசைக்காமல், கதகதப்பான இடத்தில் மூடிவைக்கிறோம். காலையில் தயிர். பால்தான் ஊடகம், உறைமோர்தான் விதை, அடுப்பங்கரை மூலைதான் இன்குபேட்டர். ஆய்வகத்தில் நடப்பதன் எலும்புக்கூடு முழுவதும் இதில் இருக்கிறது.

இல்லாதது ஒன்று உண்டு. தயிரில் எத்தனை வகை பாக்டீரியாக்கள் இருக்கின்றன, எது எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியாது. திரவத்தில் எல்லாம் கலந்து நீந்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர்களைப் படுத்தி எடுத்த சிக்கலும் இதுதான். நோயாளியிடமிருந்து எடுத்த துளியைக் குழம்பு போன்ற திரவத்தில் வளர்த்தால் நல்லது, கெட்டது, வழியில் விழுந்தது எல்லாம் சேர்ந்து வளரும். எது நோய்க்குக் காரணம் என்று எப்படி நிரூபிப்பது?

ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர் பிடித்த வழி மிக எளிது. வேகவைத்து வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டின் மேல் சிறு சிறு புள்ளிகள் முளைத்திருப்பதையும், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே வகை பாக்டீரியா மட்டும் இருப்பதையும் அவர் கவனித்தார். திடமான பரப்பில் பாக்டீரியாவால் ஓடிக் கலக்க முடியாது. விழுந்த இடத்தில் உட்கார்ந்து, இரண்டாகி, நான்காகி, எட்டாகி, மறுநாள் கண்ணுக்குத் தெரியும் ஒரு குவியல் ஆகிறது. அதைத்தான் காலனி என்கிறோம். ஒரு காலனியில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். ஒரே மூதாதையின் வம்சம் என்பதால் அத்தனையும் ஒரே வகை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ஆனால் உருளைக்கிழங்கு எல்லா பாக்டீரியாவுக்கும் பிடித்த உணவு அல்ல. அதன் பரப்பும் ஒளி ஊடுருவாதது. கோக் இறைச்சிச் சாற்றில் ஜெலட்டினைக் கலந்து உறையவைத்தார். அதில் இரண்டு தொல்லைகள். மனித உடலின் சூடான 37 டிகிரியில் வைத்தால் ஜெலட்டின் உருகிக் கூழாகிவிடும். உடலுக்குள் நோய் உண்டாக்கும் கிருமிகளுக்கு வேண்டியதோ அந்தச் சூடுதான். இரண்டாவது, சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே தின்று தீர்த்துவிடும். விருந்தாளி இலையோடு சேர்த்துச் சாப்பிட்டால் பந்தி எப்படி நடக்கும்?

விடை வந்தது ஒரு சமையலறையிலிருந்து. வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1881 கோடையில் அவருடைய ஜெலட்டின் எல்லாம் உருகி ஓடியது. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே செய்யும் ஜெல்லிகள் மட்டும் அதே வெயிலில் அசையாமல் நின்றன. காரணம் கேட்டபோது, அகார் சேர்ப்பதாக அவர் சொன்னார். நியூயார்க்கில் இளம்வயதில் இருந்தபோது, ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பம் ஒன்றிடமிருந்து கற்றுக்கொண்ட பக்குவம் அது. ஆய்வகத்தில் முயன்று பார்த்தார்கள், நின்றது. காசநோய்க் கிருமியைப் பற்றிய 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் கோக் அகாரைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். யார் சொல்லித் தெரிந்தது என்று எழுதவில்லை. இன்று உலகின் எல்லா மருத்துவ ஆய்வகங்களும் அந்த அம்மாளின் சமையல் குறிப்பின் மேல்தான் நிற்கின்றன. அவர் பெயரில் ஒரு தட்டுகூடக் கிடையாது. கோக்கின் உதவியாளராக இருந்த ஜூலியஸ் பெட்ரி 1887இல் மூடி போட்ட வட்டத் தட்டு ஒன்றைச் செய்தார். அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

அகார் என்றதும் புதிதாக நினைக்க வேண்டாம். நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, உறைந்ததும் வில்லை போட்டுத் தரும் கடல்பாசி இருக்கிறதே, அதே பொருள்தான். மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள். அதன் குணம் விசித்திரமானது. உருக வேண்டுமானால் 85 டிகிரிக்கு மேல் போக வேண்டும். உருகியபின் மறுபடி உறைய 40 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். ஆகவே 37 டிகிரியில் நாள்கணக்கில் வைத்தாலும் கல்லாக நிற்கும். அதைத் தின்னத் தெரிந்த பாக்டீரியாக்கள் கடலில் சில உண்டு. மனித உடலில் நாம் தேடுகிற கிருமிகளுக்கு அந்த வித்தை தெரியாது. லிட்டருக்குப் பதினைந்து கிராம் போட்டால் போதும்.

தட்டு ஊற்றுவது

ஊடகத் தூளைத் தண்ணீரில் கரைத்து, காய்ச்சி, ஆட்டோகிளேவில் வைக்கிறோம். ஆட்டோகிளேவ் என்பது பெரிய பிரஷர் குக்கர். 121 டிகிரி, பதினைந்து நிமிடம். வெறுமனே கொதிக்கவைத்தால் போதாது, ஏனென்றால் சில பாக்டீரியாக்கள் வித்து போன்ற உறைக்குள் ஒடுங்கிக் கொதிநீரையும் தாக்குப்பிடித்துவிடும். அழுத்தத்தோடு சேர்ந்த சூடுதான் அவற்றை முடிக்கும். பிறகு கையில் பிடிக்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 50 டிகிரிக்கு, ஆறவிட்டு, தட்டுக்கு இருபது மில்லி வீதம் ஊற்றுகிறோம். பார்க்கச் சுலபமாக இருக்கும். நான் முதன்முதலில் ஊற்றிய தட்டுகளில் பாதியில் காற்றுக்குமிழ்கள்; மீதியில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். தோசை ஊற்றுவதைப் போல இதற்கும் மணிக்கட்டு பழக வேண்டும்.

உறைந்த தட்டுகளைக் கவிழ்த்துத்தான் வைப்போம். நேராக வைத்தால் மூடியில் கோக்கும் நீர்த்துளி கீழே சொட்டி, தனித்தனியாக நிற்க வேண்டிய காலனிகளை ஒன்றாகக் கரைத்துவிடும். நோயாளியின் எண்ணை எழுதுவதும் தட்டின் அடிப்புறத்தில்தான், மூடியில் அல்ல. மூடி மாறிப்போகும். ஒருமுறை மாறினால் யாருக்கோ யாருடைய மருந்தோ போய்ச் சேரும்.

மாதிரி வந்து சேர்கிறது

ஒரு நடுத்தர வயதுப் பெண்மணியின் சிறுநீர் காலை ஒன்பது மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கழுவிச் சுத்தம் செய்தபின், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும் பிடிக்கச் சொல்லியிருப்போம். முதல் பகுதி தோலிலும் வழியிலும் இருக்கும் அப்பாவிக் கிருமிகளைக் கழுவிக்கொண்டு வரும், அது வேண்டாம்.

எடுத்தது எத்தனை மணிக்கு என்று நாங்கள் நச்சரிப்பதற்கும் காரணம் உண்டு. சாதகமான சூழலில் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரத்தில் ஆறு முறை, அதாவது 64 மடங்கு. நான்கு மணி நேரத்தில் 4,096 மடங்கு. ஸ்கூட்டர் பெட்டியில் வெயிலில் கிடந்த மாதிரி அந்த உச்ச வேகத்தை எட்டாமல் போகலாம், ஆனாலும் எண்ணிக்கை பொய்யாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியாது என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். வீட்டு ஃப்ரிட்ஜில் சாம்பார் பக்கத்திலா என்று முகம் சுளிப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

மாதிரியைத் தட்டில் போடும் கருவி லூப். ஒரு கைப்பிடி, அதன் நுனியில் கம்பி வளையம். சிறுநீருக்கென்று உள்ள வளையம் சரியாக ஒரு மைக்ரோலிட்டரை, அதாவது மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கை, அள்ளும். தீச்சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, தோய்த்து, தட்டில் இழுக்கிறோம். மறுநாள் முளைக்கும் காலனிகளை எண்ணி ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லியில் எத்தனை பாக்டீரியா என்ற கணக்கு வந்துவிடும். நூறு காலனி என்றால் மில்லிக்கு ஒரு லட்சம். இந்த ஒரு லட்சம் என்ற வரம்பு 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் உண்மையான தொற்று, மிகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் வழியில் ஒட்டியது. கறாரான எல்லைக்கோடு அல்ல. அறிகுறிகள் தெளிவாக இருக்கும் பெண்களிடம் குறைந்த எண்ணிக்கையையும் மருத்துவர்கள் பொருட்படுத்துவார்கள்.

எண்ண வேண்டியதில்லை, பிரித்தெடுத்தால் போதும் என்ற மாதிரிகளில் இழுக்கும் முறை வேறு. சீழ், சளி போன்றவற்றில் பல கிருமிகள் கலந்திருக்கும். தட்டின் ஒரு மூலையில் தடவி, லூப்பைக் காய்ச்சி, அந்தத் தடத்தின் ஓரத்திலிருந்து புதிய கோடுகள் இழுத்து, மறுபடி காய்ச்சி, மறுபடி இழுத்து, நான்கு பகுதிகளாகக் கொண்டுபோவோம். ஒவ்வொரு முறையும் லூப்பில் ஏறும் பாக்டீரியா குறைந்துகொண்டே வரும். கடைசிப் பகுதியில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று தனித்தனியாக விழும். கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியே கூப்பிட்டுப் பேசுவதற்கு இதைவிட மலிவான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

தட்டுகள் இன்குபேட்டருக்குப் போகின்றன. அன்றைய வேலை முடிந்தது. முதல் நாள் கணக்கு இதுதான்.

இரண்டாம் நாள் காலை

நமது பெண்மணியின் சிறுநீரை இரண்டு தட்டுகளில் போட்டிருந்தோம்: ஒன்று பிளட் அகார், இன்னொன்று மேக்கான்கி அகார். ஒன்று எல்லோரையும் வரவேற்கும் சத்திரம். மற்றது காவல்காரன் நிற்கும் வாசல்.

பிளட் அகார் என்பது சத்துள்ள அகாரில் ஐந்து சதவீதம் அளவுக்கு ஆட்டு இரத்தம் கலந்தது. இரத்தத்தை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது என்பதால், அகார் ஆறியபின் கிருமிபடாமல் கலப்போம். இதில் ஏறக்குறைய எல்லாம் வளரும். கூடவே ஒரு வேடிக்கையும் காட்டும். சில பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றியுள்ள இரத்த அணுக்களை உடைத்துவிடும். தொண்டைப் புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸைச் சுற்றிச் சிவப்பு முழுவதும் கரைந்து கண்ணாடி போன்ற வளையம் தெரியும். நிமோனியா தரும் நிமோகாக்கஸைச் சுற்றிப் பச்சையாகக் கறுத்திருக்கும். தட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆட்டு இரத்தம் கிடைக்காத சிறிய ஆய்வகங்களில், காலாவதியான மனித இரத்தத்தை ஊற்றித் தட்டு செய்யும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள்களும் மருந்தின் மிச்சமும் இருக்கலாம். வளையமும் சரியாகத் தெரியாது. வேலை செய்பவருக்கும் ஆபத்து.

மேக்கான்கி அகாரைத்தான் நான் இந்தத் துறையின் மிகச் சாமர்த்தியமான சமையல் என்பேன். ஆல்ஃபிரட் மேக்கான்கி இங்கிலாந்தில் கழிவுநீர்ப் பிரச்சினையை ஆராய்ந்த ராயல் கமிஷனுக்காக வேலை செய்தவர். 1905இல் தன் ஊடகத்தை விரிவாக எழுதினார். தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றால், குடலில் வாழும் பாக்டீரியாவை மட்டும் தனியே பிடிக்க வேண்டும். குடலில் என்ன இருக்கிறது? பித்தநீர். அங்கே குடியிருப்பவர்கள் அதற்குப் பழகியவர்கள். மற்ற பலருக்கு அது விஷம். ஆகவே ஊடகத்தில் பித்த உப்பைப் போட்டார். பின்னாளில் கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயமும் சேர்ந்தது. இந்த இரண்டும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் கூட்டத்தை, அதாவது கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரிபவற்றை, வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

உள்ளே வந்தவர்களுக்கு அடுத்த சோதனை. சர்க்கரையாக லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கும் சர்க்கரை மட்டும் வைத்திருக்கிறார். கூடவே நியூட்ரல் ரெட் என்ற நிறங்காட்டி. அமிலம் பட்டால் சிவக்கும். லாக்டோஸைச் சாப்பிடத் தெரிந்த பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து அமிலம் விடும். பால் தயிராகும்போது புளிப்பதும் இதே லாக்டோஸ் அமிலமாவதால்தான். அமிலம் பட்டதும் காலனி இளஞ்சிவப்பாகிவிடும். சாப்பிடத் தெரியாதது, ஊடகத்தில் உள்ள புரதத்தைத் தின்று நிறமில்லாமல் வெளிறிக் கிடக்கும். ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் இளஞ்சிவப்பு. சால்மொனெல்லா, ஷிகெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ் வெளிறியவை. மைக்ராஸ்கோப்பில் பிரிக்க முடியாத கூட்டம் ஒரே இரவில் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறது, அதுவும் வெறும் கண்ணுக்குத் தெரியும்படி.

நமது தட்டில் இளஞ்சிவப்புக் காலனிகள், நூறுக்கும் மேல். தட்டையாக, உலர்ந்தாற்போல் இருக்கின்றன. கிளெப்சியெல்லாவாக இருந்தால் பெரிதாக, கோந்து மாதிரி வழவழவென்று இருக்கும். லூப்பால் தொட்டுத் தூக்கினால் நூல் இழுக்கும், பாகு பதம் பார்ப்பது போல. இது அப்படி இழுக்கவில்லை. அனுபவமுள்ளவர் இந்த இடத்திலேயே ஈ.கோலை என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அறிக்கையில் எழுத அது போதாது.

இங்கே ஒரு சிறு விலகல். பழைய ஆட்கள் தட்டைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். சூடோமோனாஸுக்குத் திராட்சை வாசனை உண்டு. பச்சை நிறமும் சேர்ந்தால் சந்தேகமே வராது. மோந்து பார்ப்பது இன்று தடை, தடை சரியானதும்கூட. ஆனால் தட்டைத் திறக்காமலே மூக்குக்கு எட்டிவிடும் வாசனையை யாரும் தடுக்க முடியாது.

புரோட்டியஸ் வந்தால் கதை வேறு. அது காலனியாக உட்காராது. பிளட் அகார் முழுவதும், குளத்தில் கல் எறிந்தாற்போல் அலை அலையாகப் படர்ந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் பல ஆய்வகங்களில் சிறுநீருக்கு சி.எல்.ஈ.டி. என்ற ஊடகத்தைப் பயன்படுத்துகிறார்கள். உப்புச்சத்தைக் குறைத்துச் செய்தது, அதில் புரோட்டியஸ் அடங்கி உட்காரும். அதிலும் லாக்டோஸ் உண்டு, ஆனால் நிறங்காட்டி வேறு என்பதால் அங்கே ஈ.கோலை மஞ்சள். எந்தத் தட்டில் பார்த்தோம் என்று சொல்லாமல் "மஞ்சள் காலனி" என்று குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பயிற்சியாளர்களிடம் நான் கொஞ்சம் குரலை உயர்த்துவதுண்டு. உப்பு நிறைந்த மானிட்டால் தட்டில் மஞ்சள் என்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று சந்தேகம். காலராவுக்கான தட்டில் மஞ்சள் என்றால் ஊரையே எழுப்ப வேண்டும்.

குறுக்கு விசாரணை

ஒரு காலனியைத் தொட்டு எடுத்து, சில சிறு குழாய்களில் போடுகிறோம். ஒவ்வொரு குழாயும் ஒரு கேள்வி. ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் உண்டாக்குகிறதா? மறுநாள் கோவாக்ஸ் திரவம் நாலு சொட்டு விட்டால், ஈ.கோலையின் குழாயில் மேலே செர்ரிச் சிவப்பில் ஒரு வளையம் மிதக்கும். சிட்ரேட்டை மட்டும் உண்டு பிழைக்குமா? ஈ.கோலை பட்டினி கிடக்கும், ஊடகம் பச்சையாகவே இருக்கும். கிளெப்சியெல்லா வளர்ந்து அதை நீலமாக்கிவிடும்.

யூரியாவை உடைக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. புரோட்டியஸ் சில மணி நேரத்திலேயே குழாயை ரோஜா நிறமாக்கிவிடும். யூரியாவிலிருந்து அம்மோனியா பிறந்து காரத்தன்மை ஏறுவதன் அடையாளம் அது. இதே காரியத்தை அது நோயாளியின் சிறுநீரகத்திலும் செய்கிறது. சிறுநீர் காரமாகி, மெக்னீசியமும் பாஸ்பேட்டும் படிந்து கல்லாகிறது. சிறுநீரில் திரும்பத் திரும்பப் புரோட்டியஸ் வந்தால் மருத்துவர் ஸ்கேன் எழுதிக் கொடுப்பது இதனால்தான். குழாயில் தெரிந்த நிறம் வெறும் பெயர்ச்சீட்டு அல்ல.

ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் பத்து விநாடி போதும். காலனியை மருந்து நனைத்த தாளில் தேய்த்தால் சூடோமோனாஸ் ஊதாவாகும், ஈ.கோலை ஆகாது. தேய்ப்பதற்கு மரக்குச்சியை எடுங்கள். இரும்புச் சத்துள்ள கம்பி லூப்பால் தேய்த்தால் கம்பியே ஊதா நிறம் காட்டி ஏமாற்றும்.

பெயரைச் சொல்வதற்கு இன்று மால்டி-டாஃப் என்ற இயந்திரம் இருக்கிறது. பாக்டீரியாவின் புரதங்களின் எடையை வைத்துச் சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். விலை அதிகம், பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும். பொதுவாக அதற்கும் ஒரு காலனி வேண்டும். ஆக, முதல் இரவைத் தவிர்க்க வழியில்லை.

இரண்டாம் நாளிலேயே இன்னொரு தட்டும் போடுகிறோம், நோயாளிக்கு உண்மையில் வேண்டியது அதுதான். காலனியை உப்புநீரில் கரைத்து, குறிப்பிட்ட கலங்கலுக்குக் கொண்டுவந்து, முல்லர்-ஹின்டன் அகார் முழுவதும் பூசி, மேலே ஆன்டிபயாடிக் ஊறிய சிறு வட்டத் தாள்களை வைக்கிறோம். மருந்து அகாரில் ஊறிப் பரவும். மறுநாள் தட்டு முழுவதும் பாக்டீரியா புல்வெளி போல் வளர்ந்திருக்கும். கேட்கும் மருந்தைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பட்டியலோடு ஒப்பிட்டு, கேட்கும் அல்லது கேட்காது என்று எழுதுகிறோம். கிர்பி-பாவர் முறை என்று 1966இலிருந்து உலகம் முழுவதும் நடக்கிறது. அகார் நான்கு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். கனமாகிவிட்டால் மருந்து கீழே இறங்கி வட்டம் சிறுத்துவிடும், நல்ல மருந்தும் கேட்காது என்று ஆகிவிடும். தட்டு ஊற்றும் கை பழக வேண்டும் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

மூன்றாம் நாள் காலை வட்டங்களை அளந்து, குழாய்களின் நிறங்களைப் படித்து, அறிக்கை தட்டச்சாகிறது: ஈ.கோலை, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல், கீழே மருந்துப் பட்டியல். பார்த்து முடித்த தட்டுகள் மறுபடி ஆட்டோகிளேவுக்குப் போய்ச் செத்தபின்தான் குப்பைக்குப் போகும். அறிவியல் கண்காட்சிக்காக வீட்டில் கைரேகைத் தட்டு வளர்க்கும் பிள்ளைகள் முளைத்தபின் மூடியைத் திறக்காமல், டேப் ஒட்டியபடியே பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைப்பது நல்லது.

எதுவும் வளரவில்லை என்றால்

அறிக்கையில் "வளர்ச்சி இல்லை" என்று வந்தால் கிருமி இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். நாங்கள் பரிமாறிய உணவில், நாங்கள் காத்திருந்த நேரத்துக்குள், எதுவும் வளரவில்லை என்பதுதான் அதன் பொருள். மிகச் சாதாரணக் காரணம், மாதிரி கொடுப்பதற்கு முன்பே நோயாளி வீட்டில் இருந்த மாத்திரையில் இரண்டைப் போட்டிருப்பார். கல்ச்சர் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதற்காக.

இன்னொரு காரணம் கொஞ்சம் கவலைக்குரியது. சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய இருக்கும், தட்டுகளில் ஒன்றும் முளைக்காது. அப்போது காசநோய் என்ற சந்தேகம் எழும். காசநோய்க் கிருமி இரட்டிப்பாக ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஈ.கோலை கணக்குப்படி 72 முறை பெருகும் ஒரு நாளில் இது ஒரே ஒருமுறை பெருகும். நம் தட்டுகள் அதற்கு முன்பே குப்பைக்குப் போயிருக்கும். அதற்கென்று லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகம் உண்டு: முட்டை, கிளிசரால், மற்றக் கிருமிகளை அடக்க மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம். அகார் கிடையாது, சாய்த்து வைத்த குப்பியில் முட்டையே வெந்து கெட்டியாகித் தளமாகிறது. எட்டு வாரம் பார்த்தபின்தான் இல்லை என்று எழுதலாம். இப்போது திரவ ஊடகமும் மரபணுச் சோதனையும் இந்தக் காத்திருப்பைக் குறைத்திருக்கின்றன. காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டிய சென்னை ஆய்வில், குணமானதா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னதில் நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த இத்தகைய கல்ச்சர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எட்டு வாரத்தையும் தாண்டிய பிடிவாதக்காரர் ஒருவர் இருக்கிறார். தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் என்ற மருத்துவர் 1873இல் கண்டார். கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே. இன்றுவரை எந்தத் தட்டிலும், எந்தக் குழம்பிலும் அது வளரவில்லை. முட்டை, இரத்தம், உருளைக்கிழங்கு எல்லாம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. 1960இல் எலியின் பாதத்தில் கொஞ்சம் வளர்ந்தது. 1971இல் அமெரிக்காவில், முதுகில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ என்ற விலங்கின் உடலில் ஏராளமாகப் பெருகியது. அதன் உடல்சூடு நம்முடையதைவிடக் குறைவு. ஆராய்ச்சிக்கு அந்தக் கிருமி வேண்டும் என்றால் இன்றும் எலியையோ ஆர்மடில்லோவையோதான் வளர்த்தாக வேண்டும்.